அறுபத்து மூன்று பேனர்களும் ஒரு திருட்டுக் கானாறும்

எங்கள் மாமா சகாயத்துக்கு இரண்டு சம்சாரம் என்று புங்கந்தாங்கலில் கேலி பேசுவார்கள். மூத்தவள் என் அக்கா ஜூடி. இளையவள், வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் மணலுக்குள் படுத்துத் தூங்கிவிட்டு மீதி நாளில் மட்டும் எழுந்து ஓடுகிறவள். திருட்டுக் கானாறு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினால், "சோறும் அவகிட்டயே கேட்டுத் துன்னச் சொல்லு" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். ஆனாலும் தூக்கில் கூழ் ஊற்றி வாசலில் வைத்திருப்பாள்.

நான் லியோ, ஜூடியின் தம்பி. செங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேனர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் இரண்டு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவேன். இதை விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. என் கடை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை, அதனால் சொல்கிறேன்.

முதலில் கானாற்றைச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல் ரோடு, அதுதான் கானாறு. ஜவ்வாது மலை மேலே சாமைக் கொல்லைகள் முடிகிற சரிவில் மூன்று ஊற்றுகள் சேருமிடத்தில் இது பிறக்கிறது. மாமா அங்கே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது என்று, ஆஸ்பத்திரியில் குழந்தை பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிருந்து பலாமரங்களுக்கு நடுவே இறங்கி, பன்றிப்பாறையில் நாற்பதடி குதித்து, அடிவாரத்தில் பாறைக்கொல்லை என்ற ஊரைத் தொடுகிறது. அதுவரை ஒழுங்கான பிள்ளைதான். அதைத் தாண்டி உப்புமேடு வந்ததும் திருட்டுப் புத்தி வந்துவிடும். சட்டென்று மணலுக்குள் நுழைந்து ஒன்றரை மைல் கண்ணில் படாது. நீங்கள் அதன் தலைமேலேயே பைக் ஓட்டிக்கொண்டு போவீர்கள், தெரியாது. முழங்கை ஆழம் தோண்டினால் விரல் நனையும். பிறகு புங்கமரங்கள் நிற்கிற மடுவில் ஒன்றும் தெரியாதவள் போல வெளியே வந்து, அந்தோனியார் கோயில் பின்புறமாகச் சுற்றி, ரெட்டைவாய் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். வலது வாய் செய்யாற்றுக்குப் போகிறது. இடது வாய் புங்கந்தாங்கல் ஏரிக்கு.

அந்த இடது வாயைத்தான் எங்கள் மாமா மூடினார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மாமா பொக்லைன் டிரைவர். நாலு வருஷமாக மழை பொய்த்து, கானாற்றில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ரெட்டைவாய் வழியாகப் பைக்கும் டிராக்டரும் போய்ப் போய் அது பாதையாகவே ஆகிவிட்டது. அந்த வருஷம் அந்தோனியார் திருவிழாவுக்குத் தேரைக் கீழ்த்தெரு வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று பாதையைச் சமன்படுத்தச் சொன்னார்கள். வழியில் ஒரு பள்ளம் இருந்தது. மாமா நாலு பக்கெட் கிராவல் கொட்டி அமுக்கினார். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அது ஏரிக்குத் தண்ணீர் போகிற வாய் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. கானாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரும் நாலே வருஷத்தில் அதை மறந்திருந்தார்கள்.

தேர் போனது. இரண்டு மாதம் கழித்துக் கானாறு வந்தது. அதுவும் எப்படி, இருபது வருஷத்தில் பார்க்காத வெள்ளம். மூடின வாயை முட்டிப் பார்த்துவிட்டு மொத்தமும் வலது பக்கம் திரும்பி, அந்தப் பக்கத்துப் படுகையை மூன்றடி ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாளே மாமா கிராவலை அள்ளி எடுத்தார். ஆனால் இடது பக்கம் இப்போது மேடு. தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா?

அன்றைக்கு சம்பூர்ணம் அக்கா நடுத்தெருவில் நின்று மாமாவைப் பார்த்து, "எங்க ஏரி வாயில மண்ணப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா" என்று கேட்டார். ஏரியின் கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர் அவர். அதோடு மாமாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று முதல் எங்கள் மாமாவுக்குக் கானாற்றை மூடின சகாயம் என்று பெயர். குழாயடியில் அக்கா குடத்தை வைத்தால் தண்ணீர் நின்றுபோகும் என்று கூடச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் வீட்டுக் காதுகுத்து பேனரில் எழுத்துப் பிழை விடலாமா என்று யோசித்தேன். தொழில் தர்மம் தடுத்தது.

பள்ளத்தை மூடச் சொன்னது யார் என்று மாமாவிடம் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "யாரோ சொன்னாங்க, வுடு மச்சான்."

அதற்குப் பிறகுதான் அவர் கானாற்றோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. ஆற்றுக்குள் இயந்திரம் இறக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் இடது படுகையை மம்முட்டியாலேயே வெட்டினார். கடப்பாரையை மணலில் குத்தி இழுத்து, எந்த ஆழம் வரை ஈரம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். கானாறு வந்த நாள், பன்றிப்பாறையில் குதித்த நேரம், மடுவில் தலைகாட்டிய நேரம், எல்லாவற்றையும் மாதா காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். ஒன்பது வருஷத்தில் அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான்: மணலுக்கும் வயிறு உண்டு. அது நிரம்பும் வரைக்கும் தண்ணீர் நகராது, நிரம்பிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது.

இடது பக்கத்தில் அப்படிப்பட்ட வயிறு ஒன்று இருந்தது. உறிஞ்சான்மேடு என்று பேர், அறுநூறு அடி நீளம். ரெட்டைவாயில் புளியங்கிளையும் வேலிக்காத்தான் முள்ளும் மணல் மூட்டையும் அடுக்கிக் கொரம்பு கட்டினால், தண்ணீர் மூன்றடி உயர்ந்து இடது பக்கம் ஏறுகிறது. மாமா மூன்று வருஷம் அப்படி ஏற்றியும் காட்டினார். மூன்று தடவையும் உறிஞ்சான்மேடு பாதி தூரத்திலேயே மொத்தத்தையும் குடித்துவிட்டது. அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் களிமண், ஒரு பர்லாங்கில் ஏரி. அந்தப் பர்லாங்கைத் தண்ணீர் பார்க்கவே இல்லை.

போன புரட்டாசியில் மாமாவுக்கு மனசு விட்டுப் போனது. ஓசூரில் ஒரு கம்பெனியில் பொக்லைன் ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். இந்த ஐப்பசியிலும் ஏரிக்குத் தண்ணீர் போகவில்லை என்றால், குடும்பத்தோடு ஓசூர் போய்விடலாம், இனிமேல் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இருக்கிற ஒரே அக்காவை ஒரு ஓடைக்காக ஊரை விட்டு அனுப்புவதா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மாமா என் கடைக்கு வந்திருந்தார். வெளியே நல்ல மழை. கிழிந்துபோன பேனர் ஒன்று வாசலில் சரிந்து கிடந்தது. கூரைத் தண்ணீர் அதன் ஒரு முனையில் விழுந்து மறுமுனையில் சொட்டுக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. மாமா டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப் போனது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"மச்சான், உங்கிட்ட செத்தவங்க எத்தினி பேரு கீறாங்க?"

மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது கண்ணீர் அஞ்சலி பேனர்களை, உறிஞ்சான்மேட்டு மணல்மேல் விரிக்க. விஷயம் புரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் குடோனையே கவிழ்த்துவிட்டேன். வாங்கிக்கொண்டு போகாத கல்யாணம், தள்ளிப் போன மஞ்சள் நீராட்டு, படம் தவறிப் போன பிறந்தநாள், முப்பதாம் நாள் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து போட்ட கண்ணீர் அஞ்சலிகள். பத்தடி நீளத்தில் அறுபத்து மூன்று தேறியது. ஒன்றின்மேல் ஒன்று அரையடி ஏற்றி விரித்தால் அறுநூறு அடிக்குக் கச்சிதம். அறுபத்து மூவர் ஊர்வலம் போகிற மாதிரி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கினேன்.

ஐப்பசி இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு மாமாவின் போன் அடித்தது. பேசியது கோகுலகிருஷ்ணன், மலைக்கு மேலே ஜீப் ஓட்டுகிறவர். ஒன்பது வருஷமாக மாமாவுக்கு மலையிலிருந்து சேதி சொல்கிறவர் அவர்தான்.

"அண்ணே, பன்னிப்பாறையில குதிச்சிட்ச்சி. செம்மண்ணுக் கலரு. இந்தத் தபா ஜாஸ்தி. ஆனா மேல மழ வுட்டுட்ச்சி, பாத்துக்க."

மழை விட்டுவிட்டது என்றால் வருகிற தண்ணீர் சாயங்காலம் வரைக்கும்தான். மாமா காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு மணிக்கு ரெட்டைவாய் என்றார். நான் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு பைக்கில் பறந்தேன். அக்கா கோயிலுக்கு ஓடி, சாமியாரைக் கேட்டு மைக்கை வாங்கி, மம்முட்டி இருக்கிறவர்கள் எல்லாரும் ரெட்டைவாய்க்கு வரச் சொல்லி அறிவித்தாள். அந்தோனியார் கோயில் ஸ்பீக்கரில் அறிவிப்பு கேட்டு மாரியம்மன் கோயில் தெருக்காரர்களும் வந்தார்கள். முப்பது பேர் இருக்கும். பாதிப் பேர் உதவி செய்ய, பாதிப் பேர் சிரிக்க.

மாமா உப்புமேட்டில் கடப்பாரையைக் குத்தி உருவிப் பார்த்தார். இரண்டு நாள் தூறலில் நுனிவரைக்கும் ஈரம் ஒட்டியிருந்தது. மேலே வயிறு நிரம்பியிருக்கிறது, கீழேதான் காலி. எல்லாரும் கொரம்பை உயர்த்திக்கொண்டிருக்கும்போதே நாங்கள் பேனர்களை விரிக்க ஆரம்பித்தோம். அதில் ஒரு தகராறு. முகம் மேலே தெரிகிற மாதிரி விரித்தால் தண்ணீர் முகத்தில் ஏறிப் போகும், அது மரியாதை இல்லை என்று ஒருத்தர் சொன்னார். மாப்பிள்ளை பெண்ணை மண்ணில் குப்புறப் போடுவதா என்று இன்னொருத்தர் கேட்டார். கடைசியில் எல்லாருமே குப்புறப் படுக்கட்டும், வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று முடிவானது. ஓரங்களில் மண்ணை அணைத்து நடுவில் பள்ளமாக அமுக்கி, இரண்டரை அடி அகலத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி செய்துகொண்டே போனோம்.

அறுபதாவது பேனரில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஓடிப் போய் எண்ணினேன். மீதி இருந்தது இரண்டுதான். ஒன்று வீட்டுத் தாழ்வாரத்திலேயே எலி கடித்துக் கந்தலாகிக் கிடந்ததாக அக்கா அப்போதுதான் சொன்னாள். விரித்து முடித்தபோது உறிஞ்சான்மேட்டின் கடைசியில் பத்தடி வெறும் மணல். அதிலும் அதுதான் இருப்பதிலேயே தாகமான பத்தடி. மூன்றாவது வருஷம் அந்த இடத்துக்கு மட்டும் நாற்பது குடம் ஊற்றிப் பார்த்தும் மணல் பளபளக்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து கத்தினார்கள். இரண்டு பத்துக்குத் தண்ணீர் ரெட்டைவாய்க்கு வந்துவிட்டது.

தலைத்தண்ணீர் பார்த்திருக்கிறீர்களா? ஆறு மாதிரி வராது. சருகு, எறும்பு, நுரை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு, நக்குகிற நாக்கு மாதிரி, ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரும். அதற்கு முன்னால் ஒருவர் நடக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். தண்ணீர் அழைப்பு என்று பெயர். கடைமடைக்காரர் செருப்பில்லாமல், மம்முட்டியின் முதுகால் மணலில் கோடு இழுத்துக்கொண்டே பத்தடி முன்னால் நடப்பார். தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். சம்பூர்ணம் அக்காவின் வீட்டுக்காரர் சக்கரவர்த்தி இருந்தவரைக்கும் அவர்தான் அழைப்பார். ஏரிக்குத் தண்ணீர் வரும் வரும் என்று காத்திருந்தே மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். இப்போது அந்த மம்முட்டி சம்பூர்ணம் அக்கா கையில் இருந்தது. வழக்கத்தை விடக் கூடாது என்று வந்திருந்தார். ஆனால் மாமா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

கொரம்பு தாங்கியது. தண்ணீர் தயங்கி, சுழன்று, இடது பக்கம் ஏறியது. சம்பூர்ணம் அக்கா முன்னால் நடந்தார். முதல் பேனரில் ஏறியதும் தண்ணீர் பாருங்கள், அதுவரை நடந்து வந்தது ஓட ஆரம்பித்துவிட்டது! சம்பூர்ணம் அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். கரையில் நாங்களும் ஓடினோம். சிரிக்க வந்தவர்கள்தான் எங்களுக்கு முன்னால் ஓடினார்கள். இருபது, முப்பது, நாற்பது என்று நான் பேனர்களை எண்ணிக்கொண்டே ஓடினேன். ஒன்பது வருஷமாகத் தண்ணீர் பார்க்காத இடங்கள் எல்லாம் சரசரவென்று பின்னால் போயின.

ஐம்பதாவது பேனரில் தண்ணீர் மெலிந்தது. மேலே வரத்து குறைய ஆரம்பித்துவிட்டது. மாமா அந்தக் கடைசிப் பத்தடியில் மண்டியிட்டு, தன் சட்டையைக் கழற்றி மணலில் விரித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டை எத்தனை அடிக்கு வரும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் வெட்கம் இல்லை.

சம்பூர்ணம் அக்கா அதைப் பார்த்தார். மம்முட்டியை என் கையில் திணித்துவிட்டு மேட்டில் ஏறி ஓடினார். அவர் வீடு அங்கேயிருந்து கூப்பிடு தூரம். மாட்டுக்கொட்டகைக் கூரையில் மழைக்குப் போட்டிருந்த பேனரைக் கயிற்றோடு பிடித்து இழுத்தார். ஓடு இரண்டு சரிந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து மணலில் விரித்தார். அது நான் அடித்துக் கொடுத்ததுதான். கண்ணீர் அஞ்சலி, சக்கரவர்த்தி, மீசையோடு சிரிக்கிறார்.

மாமா பதறிப்போய் அதைக் குப்புறத் திருப்பப் போனார். "அக்கா, வேணாங்க. அண்ணன் முகங்க" என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் இடையே நடந்த முதல் பேச்சு அது.

"அப்படியே கெடக்கட்டும். அவரு பாக்கட்டும்" என்றார் சம்பூர்ணம் அக்கா.

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஒல்லியாக, ஒரு முழ அகலத்தில் வந்து, சக்கரவர்த்தி அண்ணனின் மீசை மேல் ஏறி, நெற்றி மேல் ஏறி, அந்தப் பக்கம் களிமண்ணில் இறங்கியது. களிமண் அதைக் குடிக்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. நம்பினால் நின்றுவிடுமோ என்று பயம்.

சம்பூர்ணம் அக்கா என்னிடமிருந்து மம்முட்டியை வாங்கினார். ஆனால் நடக்கவில்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு அந்தப் பள்ளத்த மூடச் சொன்னவ நான்தான். எங்க வண்டி அங்க குடை சாஞ்சிட்ச்சி, அந்த ஆத்தரத்துல சொன்னன். இவன் அத யாருகிட்டயும் சொல்லல. சொல்லிடுவானோன்னு பயந்துதான் நான் முந்திக்கினு இவனத் திட்டினன்."

பிறகு மம்முட்டியை மாமாவிடம் நீட்டினார். "நட சகாயம். இனிமே நீதான் முன்னால போவணும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒன்பது வருஷம் என் அக்கா குழாயடியில் பட்டது எல்லாம் ஞாபகம் வந்தது. மாமாவைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மம்முட்டியை வாங்கிக்கொண்டார். சட்டையில்லாமல், முழங்காலில் மணலோடு, நடக்க ஆரம்பித்தார். ஆனால் வழக்கப்படி முன்பக்கம் பார்த்து நடக்கவில்லை. திருட்டுக் கானாறு மறுபடி எங்கேயாவது நுழைந்துவிடப் போகிறது என்று அதன்மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தார். கோடு கோணலாகத்தான் வந்தது. தண்ணீரும் கோணலாகவே வந்தது. ஊரே இரண்டு பக்கமும் கூட நடந்தது.

ஒரு பர்லாங் அப்படியே நடந்தவர், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த இடத்தில் குதிகால் மாட்டி மல்லாந்து விழுந்தார். தூக்கப் போனவர்களைச் சம்பூர்ணம் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். மாமா எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். கையால் மண்ணைத் தடவிப் பார்த்தார். அது ஏரி. அவர் விழுந்து கிடந்தது ஏரிக்குள்ளே. தண்ணீர் வந்து அவர் பாதத்தைத் தொட்டு, இரண்டு பக்கமும் பிரிந்து, வெடிப்புகளுக்குள் களக் களக்கென்று இறங்கியது.

அதற்குப் பிறகு அங்கே கிளம்பிய கூச்சல் செங்கத்துக்குக் கேட்டிருக்கும். நானும் தொண்டை கட்டும் வரை கத்தினேன். அன்று ஏரியில் நின்றது கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் உறிஞ்சான்மேட்டில் வழி விழுந்துவிட்டது. அதற்கடுத்து வந்த மூன்று மழைக்கும் கானாறு யாரும் அழைக்காமலே வந்தது. கார்த்திகை கடைசியில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு மாமா அந்தச் சேற்றை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் இடுப்பைச் சுற்றிக்கொண்டிருக்க, கரையில் நின்ற அக்காவைத் தேடிப் பார்த்து, அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் சாதாரணமாகச் சொன்னார்.

"ஜூடி, ஓசூருக்கு ஒரு போன் போட்டு, நாங்க வர்லன்னு சொல்லிடு."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்தே சொல்லிட்டன்."